அண்ணிக்குத் தகடு இல்லை

தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. கால் மணி நேரத்துக்கு முன்னால் இதே இடத்தில் கெண்டைக்காலின் பாதிவரைதான் இருந்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் உடுப்பில் முட்டிக்குக் கீழே கணவன் ஒட்டுப்போட்டுக் கொடுத்த இடம் வெயிலில் காய்ந்து வெளியே தெரிந்துகொண்டிருந்தது. இப்போது ஒட்டைக் காணோம். மீன் ஆசையில் தான்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஆழத்துக்கு நகர்ந்துவிட்டோமோ என்று முதலில் நினைத்தாள். குனிந்து பார்த்தால், காலுக்குக் கீழே அதே தட்டைக் கல். காலையிலிருந்து அவள் அதன்மேல்தான் நின்றுகொண்டிருக்கிறாள். ஆறுதான் ஏறியிருக்கிறது.

சரி, பார்க்கலாம் என்று இன்னொரு முறை தூண்டிலை வீசினாள். புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற மீன்பிடிப்பு இல்லை இது. முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலி ஈயை, நிஜ ஈ வந்து உட்காருவதுபோல் தண்ணீர்மேல் இறக்க வேண்டும். இறக்கிவிட்டு அது மிதந்து போவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் தலையிலிருந்து அதன் வால்வரை ஈ போய்ச் சேர, மனசுக்குள் ஏழு எண்ண வேண்டியிருந்தது. காலை முழுக்க ஏழுதான். இந்த முறை நாலு எண்ணுவதற்குள் ஈ பாறையைத் தாண்டி, கயிறு இழுபட்டு, நுரைக்குள் காணாமல் போயிற்று. அதன் பின்னாலேயே ஒரு முழு மரக்கிளை, பச்சை இலைகளோடு, எங்கோ அவசரமாகக் கிளம்பியதுபோல் போனது. தண்ணீரில் செம்மண் நிறம் கலந்திருந்தது.

மேலே அணையில் மதகைத் திறந்துவிட்டார்கள்.

அவள் நின்றது ஆற்றின் நடுவில் இருந்த கூழாங்கல் திட்டில். அவளுடைய மீன்பிடிச் சங்கத்தார் அந்த இடத்தை மேல் வளைவு என்பார்கள். அந்தப் பக்கம் செங்குத்தாகப் பாறை, ஏற முடியாது. இந்தப் பக்கம் கரைக்கும் திட்டுக்கும் நடுவே ஒரு ஓட்டம், பதினைந்து அடி அகலம் இருக்கும். காலையில் அதைக் கடந்தபோது தொடையைத் தொட்டது, சிரித்துக்கொண்டே கடந்தாள். இப்போது அந்தப் பதினைந்து அடியும் சுழித்துக்கொண்டு, பார்க்கவே வேறு ஆறாக இருந்தது. சரி, ஆள் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மதகு திறந்தால் ஆள் வர வேண்டும். அதற்குத்தான் அங்கே அத்தனை ஏற்பாடும் இருந்தது.

அந்த ஏற்பாடு இப்படி. மதகைத் திறப்பதற்கு முன் அணையிலிருந்து சங்கத்துக் கொட்டகைக்குத் தொலைபேசி வரும். கொட்டகையில் எப்போதும் இருப்பவர் கைக்கடிகாரம் பழுது பார்த்து ஓய்ந்த ஒருவர், பட்டப்பெயரே கடிகாரம்தான். அவர் வெளியே தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். ஆற்றில் இருக்கிறவர்கள் கரையேற அரை மணி நேரம் இருக்கும். மேல் வளைவில் மட்டும் தண்ணீர் இரைச்சலில் மணி கேட்காது. ஆகவே கடிகாரம் பலகையைப் பார்ப்பார். பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு தகரத் தகடு ஆணியில் தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் வெள்ளை. ஆற்றில் இறங்கும்போது சிவப்பு, ஏறிவிட்டால் வெள்ளை. மணி அடித்த பிறகும் ஒரு தகடு சிவப்பாகத் தொங்கினால் மேல் வளைவுக்கு ஆள் ஓடும். பதினெட்டு வருஷமாக ஒரு உயிர் போனதில்லை என்று தலைவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், புதிதாக வருகிற எல்லாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

தகட்டில் பெயர் எழுதுவதில்லை. பட்டப்பெயர்தான். கடிகாரத்துக்குத் தொழிலால் வந்தது, மற்றவர்களுக்குப் பட்டப்பெயர் சும்மா கிடைத்துவிடாது, ஆற்றில் முதலில் ஒரு அசட்டுத்தனம் பண்ண வேண்டும். அவள் கணவன் முதல் நாளே காற்றில் தொப்பியைப் பறிகொடுத்து அதைத் துரத்திக்கொண்டு அரை மைல் ஓடியதால் தொப்பி. ராத்திரி முழுக்க ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் நின்றுவிட்டு நேராக ஆற்றுக்கு வந்து, மீன் கடித்ததே தெரியாமல் நின்றுகொண்டே தூங்கியவன் கொட்டாவி. காலில் ஏதோ சுற்றிக்கொண்டது என்று விசில் ஊதி ஊரைக் கூட்டி, கடைசியில் அது தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் என்று தெரிந்ததும் மருந்துக்கடைக்காரருக்குப் பாம்பு என்று வைத்தார்கள். அன்று அவர் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, சாயங்காலமே தகடு எழுதி மாட்டிவிட்டார்கள்.

அவளும் அசட்டுத்தனம் பண்ணாமல் இல்லை. மூன்றாவது வாரமே பாசியில் வழுக்கி, பின்பக்கமாக உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் விசில் ஊதினாள். எல்லாரும் அலறிப் புடைத்துக்கொண்டு வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் துண்டு கொடுத்தார், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் கூட்டம் போட்டு, பெண்கள், கொட்டகைக்கு எதிரே இருக்கும் ஆழமில்லாத மடுவில் மட்டும் பிடிக்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். பெண்கள் என்றால் சங்கத்தில் அவள் ஒருத்திதான். அதற்குப் பிறகு இரண்டு மாசம், "அன்னைக்கு அண்ணி பயந்துட்டாங்க" என்பது அங்கே ஒரு பேச்சாகவே இருந்தது.

அண்ணி. தொப்பியின் மனைவி என்பதால் அண்ணி. தலைவருக்கு மட்டும் அம்மா. மருந்துக்கடைக்காரர் ஒரு நாள் மேடம் என்பார், ஒரு நாள் சிஸ்டர் என்பார், இரண்டுக்கும் நடுவில் தொண்டையைச் செருமிக்கொள்வார். தங்களுக்குள் வாடா போடா, எருமை, தடியா என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருப்பவர்கள் அவள் வந்ததும் பரீட்சைக் கூடம் போல் ஆகிவிடுவார்கள். அவள் கட்டிக் கொடுக்கும் ஈக்களை மட்டும் அடித்துப் பிடித்து வாங்கிக்கொள்வார்கள். அவள் வேலை பல் ஆய்வகத்தில். மற்றவர்களின் வாய்க்குப் பொய்ப்பல் செய்வது. மெழுகில் ஈறு இழைத்து, பல்லைப் பல்லாக நிறுத்தி, ஒரு மயிரிழை உயர்ந்தாலும் சுரண்டி எடுக்கிற கை அது. அந்தக் கைக்கு முள்ளில் இறகு கட்டுவதா பெரிய விஷயம்? அண்ணி கட்டின ஈக்கு மீன் வரிசையில் நின்று வாய் திறக்கும் என்று கொட்டாவி சொல்வான்.

ஒரு நாள் அவளே கடிகாரத்திடம் கேட்டாள். "எனக்கும் ஒரு தகடு மாட்டிடுங்களேன்."

கடிகாரம் தலையைச் சொறிந்தார். "மாட்டலாம் அண்ணி. ஆனா என்னன்னு எழுதறது?"

"எம் பேர எழுதுங்க."

"பேரா? இங்க யாரு தகட்டுல பேரு இருக்கு? எம் பேரே இங்க பாதிப் பேருக்குத் தெரியாதே."

"அப்ப பட்டப்பேரு வைங்க. நானுந்தான் எல்லாரும் பாக்க விழுந்து வெச்சேனே."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் பதறிவிட்டார். "சேச்சே, என்னம்மா இது. குடும்பத்துப் பொண்ணுக்குப் பட்டப்பேரு வெக்கறதா? நாங்க மரியாதை தெரிஞ்சவங்கம்மா. தொப்பி தகடு இருக்குல்ல, அது ரெண்டு பேருக்கும் சேத்துத்தான். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே வர்றீங்க, ஒண்ணாத்தானே போறீங்க."

அது அப்போது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. கோபம்கூட வரவில்லை.

இப்போது அவள் கரையைப் பார்த்தாள். ஒற்றையடிப் பாதை, இரண்டு மரங்கள், அவள் கழற்றி வைத்த செருப்பு. ஆள் இல்லை. வளைவுக்குக் கீழே, வெகு தூரத்தில், கொட்டகைக்குப் போகும் நடைபாலத்தில் ஒரு துண்டு மட்டும் இங்கிருந்து தெரியும். அதைப் பார்த்தபோதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் பாலத்தில் மூன்று பேர் வரிசையாகப் போனார்கள். தூண்டில் கோல்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பேசிக்கொண்டு. தேநீர் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்து, அவர்கள் வருவதற்குள் ஒரு மீனாவது பிடித்துவிட வேண்டும் என்று திரும்பவும் வீச ஆரம்பித்தாள். அவர்கள் தேநீருக்குப் போகவில்லை. மணி அடித்திருக்கிறது. மணி அடித்து, எல்லாரும் ஏறி, தகட்டைத் திருப்பிவிட்டார்கள்.

அப்படியென்றால் அவளுக்கு ஏன் ஆள் வரவில்லை?

பதில் உடனே வந்தது. கணவன் போய்விட்டான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இதே கரையில் நின்று கையை வாயில் குவித்துக் கத்தினான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார்கள். "ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஆளு மாட்டிக்கிச்சாம்! நான் போறேன்! நீ பாம்பு கார்ல வந்துடு, நான் சொல்லிடறேன்!" அவளும் கையை ஆட்டினாள். அவன் கொட்டகைக்குப் போயிருப்பான். பூட்ஸைக் கழற்றியிருப்பான். வெளியே வரும்போது, பன்னிரண்டு வருஷப் பழக்கம், யோசிக்கவே மாட்டான், கை தானாகப் போய்த் தகட்டைத் திருப்பியிருக்கும். வெள்ளை. கடிகாரம் அதைப் பார்த்திருப்பார். தொப்பி போயாச்சு, அப்போது அண்ணியும் போயாச்சு. பலகையில் ஒரு சிவப்பும் இல்லை. அவர் சுத்தியலை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பில் பாத்திரத்தை ஏற்றியிருப்பார்.

ஆற்றில் யாரும் இல்லை என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அப்படித்தான் பலகை சொல்கிறது.

தண்ணீர் தொடையைத் தொட்டது. கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊதினால் போதும். கை விசில்மேல் போய் அங்கேயே நின்றது.

இதைச் சொன்னால் வெளியாருக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். உயிர் போகிற நேரத்தில் என்ன யோசனை என்று கேட்பார்கள். ஆனால் அவள் யோசித்தாள். மேல் வளைவுக்கு வர அவள் எட்டு மாசம் நடையாய் நடந்தாள். போன வாரம்தான் தலைவர் பெரிய மனசு பண்ணி, "ஒரே ஒரு தடவை பாப்போம்மா. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். இது அந்த ஒரே ஒரு தடவை. இன்றைக்கு விசில் ஊதினால் திரும்ப அந்த ஆழமில்லாத மடு, வாழ்நாள் முழுக்க. அவர்கள் முதுகுக்குப் பின்னால் பேசப்போகிற பேச்சு இப்போதே காதில் விழுந்தது. அண்ணி மறுபடி பயந்துட்டாங்க. யாரும் திட்ட மாட்டார்கள். துண்டு கொடுப்பார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாதது. மருந்துக்கடைக்காரரைப் போல நாலு பேர் நடுவில் அசடு வழிந்துவிட்டு அடுத்த வாரம் அதே இடத்துக்கு வந்து நிற்கிற பாக்கியம் அவளுக்குக் கிடையாது.

நானே போய்விடுகிறேன் என்று முடிவு செய்தாள். பதினைந்து அடிதானே.

திட்டின் ஓரத்துக்கு வந்து ஒரு காலை ஓட்டத்தில் இறக்கினாள். தரை தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் இறக்கினாள். கல் கிடைத்தது, ஆனால் அது உருண்டது. தண்ணீர் இடுப்பில் வந்து மோதி, யாரோ தோளைப் பிடித்துத் திருப்புவதுபோல் அவளைத் திருப்பியது. ஒரு கணம் இரண்டு கால்களும் தரையில் இல்லை. எப்படித் திரும்பி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. திட்டின்மேல் கையையும் முட்டியையும் ஊன்றி, வாய்க்குள் போன மண் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தாள். மார்பு வரை வருகிற உடுப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஆளைக் கல்லாக்கிவிடும் என்று தலைவர் சொல்லுவார். உடுப்புக்குள், வயிற்றுப் பக்கம், சில்லென்று ஒரு கோடு இறங்குவது தெரிந்தது.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் கவலை என்று அவளுக்குத் தோன்றியது. இந்தப் பயத்தில் யோசனையே இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆய்வக மேசையில் மெழுகில் நிறுத்தி வைத்துவிட்டு வந்த கீழ்வரிசைப் பற்கள் கண்முன் வந்தன. பதினாலு பல். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்து வாங்கிப்போவதாக இருந்தது. நான் செத்துப்போனால் அதை யார் முடிப்பார்கள், வேறு யாராவது கடைவாய்ப் பல்லை உயர்த்தி வைத்துவிடுவார்கள், அவரால் மெல்ல முடியாது என்று நினைத்தாள். வீட்டில் இருக்கும் மகளை நினைக்க வேண்டும் என்று தோன்றியது. நினைக்கத் துணிச்சல் வரவில்லை.

விசிலை வாயில் வைத்து ஊதினாள். மூன்று முறை ஊத வேண்டும், பிறகு நிறுத்தி, மறுபடி மூன்று முறை. அவள் எண்ணவில்லை. மூச்சு இருக்கிறவரை ஊதினாள். அந்தச் சத்தம் ஆற்றின் இரைச்சலில் ஒரு குருவியின் கத்தலைப் போல அவளைச் சுற்றியே கிடந்தது. பாலத்தைப் பார்த்துக்கொண்டே ஊதினாள்.

பாலத்தின் அந்தத் துண்டில் ஒருவன் வந்து நின்றான். வெள்ளம் வருகிற அழகைப் பார்க்க வந்திருப்பான், சங்கத்தில் அது ஒரு வழக்கம். இரண்டு கைகளையும் மேலே தூக்கி, உடம்பை முறித்து, நீளமாக வாயைத் திறந்தான். அவ்வளவு தூரத்திலிருந்தும் யாரென்று தெரிந்துவிட்டது. அவள் கோலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். ஊதினாள். ஆட்டினாள். அவன் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. பிறகு அவன் ஓட ஆரம்பித்தான், இந்தப் பக்கம் இல்லை, கொட்டகைப் பக்கம். அவன் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள். உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது, ஆனால் உட்கார இடமில்லை.

அவன் மற்றவர்களைக் கூட்டிவரப் போயிருக்கிறான். பாதையில் நாலு பேர் ஓடி வந்தார்கள். முன்னால் கொட்டாவி, கையில் ஒரு கயிறுகூட இல்லை. பின்னால் மருந்துக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் தலைவர் தொப்பையைப் பிடித்துக்கொண்டு. கடைசியில் கடிகாரம், எழுபது வயசில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. கரைக்கு வந்து நின்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"அண்ணி! பயப்படாதீங்க அண்ணி!"

"அம்மா, அங்கயே இருங்கம்மா! அசையாதீங்க!"

"மேடம்! சிஸ்டர்! இந்தப் பக்கம் கொஞ்சம் வர முடியுமா பாருங்க!"

ஒருவர் இரு என்கிறார், ஒருவர் வா என்கிறார். யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்றே ஒரு கணம் அவளுக்கு விளங்கவில்லை. அங்கே இன்னும் மூன்று நாலு பெண்கள் நிற்பதுபோலவும், தான் மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை போலவும் இருந்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. திட்டு என்று ஒன்று இல்லை. காலுக்குக் கீழே கற்கள் கூட்டமாக நகர ஆரம்பித்தன.

"தொப்பி எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று தலைவர் கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார்.

"அவன் போயிட்டான் சார்! தகடு வெள்ளையா இருந்துச்சு! ரெண்டு பேரும் போயிட்டாங்கன்னு..." கடிகாரம் முடிக்கவில்லை.

கொட்டாவி இதையெல்லாம் கேட்கவில்லை. தண்ணீரில் இறங்கிவிட்டான். ஒரு கையைப் பின்னால் நீட்ட, மருந்துக்கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் கையைத் தலைவர் பிடித்தார். கடிகாரம் ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு இன்னொரு கையைத் தலைவருக்குக் கொடுத்தார். அப்படியும் எட்டவில்லை. கொட்டாவியின் கைக்கும் அவளுக்கும் நடுவே ஆறேழு அடி ஓட்டம் இருந்தது.

"அண்ணி, கோலை விட்டுடுங்க அண்ணி. கொஞ்சம் விட்டுடுங்களேன்."

அவளால் விட முடியவில்லை. விரல்கள் கேட்கவில்லை. கையில் அது ஒன்றுதான் திடமாக இருந்தது. தண்ணீர் கோலைப் பிடித்து இழுக்க, கோல் அவளை இழுக்க, அவள் உடம்பு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. முதுகைக் காட்டினால் முடிந்தது. கொட்டாவிக்கு அது தெரிந்தது.

"டேய்!" என்று அவன் தொண்டை கிழியக் கத்தினான். "விட்டுத் தொலைடா அதை! திரும்பாத! தண்ணியப் பாத்து நில்லு! காலைத் தூக்காத, தேச்சுத் தேச்சுப் பக்கவாட்டுல வா! வாடா!"

கோல் போயிற்று. எப்போது விட்டாள் என்று தெரியாது. அவள் முகத்தை ஆற்றின் மேல்பக்கம் திருப்பினாள். செம்மண் தண்ணீர் முழுக்க அவளைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தது. வலது காலைத் தரையோடு தேய்த்து ஒரு சாண் நகர்த்தினாள். இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்தாள். இன்னொரு சாண். நெஞ்சுவரை ஏறியது. உடுப்பு கனத்தது. "வா, வா, அப்படித்தான், பாக்காத, இங்க பாக்காத" என்று அவன் குரல் பக்கத்தில் கேட்டது. நாலாவது சாணில் தரை இல்லை. அவள் விழுந்தாள். தலை முழுகியது. காதுக்குள் ஆறு இடித்தது. தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தாள். பழுப்பு நிறத்தைத் தவிர எதுவும் இல்லை. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. செத்துவிட்டேன் என்று தெளிவாக நினைத்தாள்.

மணிக்கட்டை ஏதோ கவ்வியது.

இழுத்தார்கள். கரையின் வேர்களில், சேற்றில், முட்டியும் தாடையும் சிராய்க்க இழுத்துப் போட்டார்கள். அவள் இருமினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி இருமினாள். கொட்டாவி பக்கத்தில் மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினான். அவன் மணிக்கட்டை அவள் பிடித்திருந்தாள், அவளுடையதை அவன் பிடித்திருந்தான். விட வேண்டும் என்று தெரிந்தது. விரல்கள் திறக்கவில்லை. நாலு வருஷத்தில் அங்கே எந்த ஆணும் அவள் கையைத் தொட்டதில்லை. தூர நின்று கும்பிடுவார்கள், அவ்வளவுதான்.

"பரவால்ல அண்ணி, மெதுவா விடுங்க" என்றான். டா போட்டதெல்லாம் அவன் ஞாபகத்தில் இருந்து அதற்குள் ஓடிவிட்டது போலிருக்கிறது.

மருந்துக்கடைக்காரர் கொட்டகைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த தன் தொலைபேசியைப் பார்த்தார். "தொப்பி ஆறு தடவை கூப்பிட்டிருக்கான்" என்று யாருக்கோ சொல்வதுபோல் சொன்னார். "பெட்டிக்குள்ள இருந்துது. எனக்குக் கேக்கல." அதையே இன்னொரு முறை சொன்னார்.

தலைவர் எழுந்து நின்றார். சட்டையெல்லாம் சேறு. வாயைத் திறந்தார். "இதுக்குத்தாம்மா நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார். இரண்டு மாசம் பேசப்போகிற பேச்சின் முதல் வார்த்தை அது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆற்றில் இருந்த பயம் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை, அதற்குள் இந்தப் பயம் வந்துவிட்டது. எது பெரிது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"எனக்கு ஏன் ஆள் வரல?" என்றாள். குரல் கரகரவென்று வந்தது, அவள் குரலாகவே இல்லை.

தலைவர் நிறுத்திவிட்டார்.

"மணி அடிச்சீங்கல்ல. எல்லாரும் ஏறினீங்கல்ல. எனக்கு ஏன் ஆள் வரல?"

கடிகாரம் மரத்தைக் கட்டிப்பிடித்த கையை இன்னும் எடுக்கவில்லை. பட்டையில் உரசி முழங்கையில் ரத்தம் கசிந்தது. "எல்லாரும் ஏறியாச்சுன்னு நான்தான் சொன்னேன்" என்றார். "உரக்கச் சொன்னேன். எல்லாரும் ஏறியாச்சுன்னு." கிழவர் மற்றவர்களைக் கையால் காட்டினார். "கேட்டுட்டு இவங்கல்லாம் சரின்னாங்க."

ஆறு பேசிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் ஒரு முழு மரம் வேரோடு வந்து, ஒரு முறை சுழன்று, வளைவைத் தாண்டிப் போயிற்று.

"இப்ப எண்ணுங்க" என்றாள்.

"என்னம்மா?"

"இங்க எத்தனை பேர் இருக்கோம். எண்ணுங்க."

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் மரத்திலிருந்து கையை எடுத்தார். நிற்க முடியாமல் தடுமாறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சின்னக் குழந்தைகள் எண்ணுவதுபோல் ஆள்காட்டி விரலை நீட்டினார். முதலில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "ஒண்ணு" என்றார். விரல் தலைவரிடம் போனது, "ரெண்டு." மருந்துக்கடைக்காரரிடம், "மூணு." தரையில் கிடந்த கொட்டாவியிடம், "நாலு." பிறகு விரல் காற்றில் நகர்ந்து, அவனுடைய கையை இன்னும் விடாமல் சேற்றில் உட்கார்ந்திருந்த அவள்மேல் வந்து நின்றது. நகம் உடைந்து, சேறு அப்பிய விரல். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.